நர்சிங் மாணவர் செய்யும் ஆராய்ச்சி: ஒரு தொடக்க விளக்கம்

இளநிலை நர்சிங் படிப்பின் பிற்பகுதியில் ஓர் ஆய்வுத் திட்டம் வந்து நிற்கும். சிலர் அதை மதிப்பெண்ணுக்காகக் கழிக்க வேண்டிய சடங்காக எடுத்துக்கொள்கிறார்கள். இணையத்தில் கிடைத்ததையெல்லாம் தொகுத்துக் கட்டி, அட்டை போட்டுக் கொடுப்பதே ஆராய்ச்சி என்று நம்புகிறவர்களும் உண்டு. வெளியாட்களிடம் சொன்னால், "புது மருந்து கண்டுபிடிக்கப் போகிறாயா?" என்று கேட்பார்கள். மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றியவர்களில் சிலருக்கோ, அது முனைவர் பட்டம் படிப்பவர்களின் வேலை; ஷிப்ட் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் செவிலியருக்கு அதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம்.

இவர்கள் எல்லோரும் ஆராய்ச்சி என்றதும் அதன் முடிவில் கிடைக்கும் பொருளையே நினைக்கிறார்கள்: ஒரு மருந்து, ஒரு பட்டம், ஒரு தடித்த கோப்பு. உண்மையில் அது ஒரு செயல்முறை. நாம் நம்பும் ஒன்றை, அது தவறாக இருந்தால் தவறு என்று தெரிந்துவிடும்படியாகச் சோதித்துப் பார்ப்பதுதான் அந்தச் செயல்முறை. "நீ நினைத்தது சரியில்லை" என்ற பதில் வருவதற்கு வழி இல்லாத வேலையை, எத்தனை பக்கம் எழுதினாலும், ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாமே இந்த ஒரு கருத்தைச் சுற்றித்தான் வரும்.

## தொட்டியில் தண்ணீர் குறைகிறது

இரவில் நிரப்பிய தண்ணீர்த் தொட்டி காலையில் பாதியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் விரிசல் என்கிறார் ஒருவர். குழாயில் கசிவு என்கிறார் இன்னொருவர். யாரோ இரவில் தண்ணீரைத் திறந்துவிட்டு மறந்துவிடுகிறார்கள் என்கிறார் மூன்றாமவர். மூவருக்கும் தங்கள் கருத்தில் உறுதி இருக்கிறது.

இப்போது நீங்கள் தொட்டிகளைப் பற்றி நிறையப் படிக்கலாம். அது வாசிப்பு. அனுபவமுள்ள குழாய்ப் பணியாளரைக் கேட்கலாம். அது நிபுணர் கருத்து. இரண்டும் பயனுள்ளவைதான், ஆனால் உங்கள் தொட்டியைப் பற்றி இரண்டுமே எதையும் உறுதிப்படுத்தாது. மூன்றாவதாக ஒன்று செய்யலாம். படுக்கப் போகுமுன் தொட்டியிலிருந்து வெளியேறும் வால்வை மூடிவிட்டு, நீர்மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். காலையில் பாருங்கள். மட்டம் கோட்டிலேயே நின்றால் தொட்டியில் விரிசல் இல்லை. அப்படிச் சொன்னவர் தவறு. மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியைத்தான் பார்க்க வேண்டும். மறுநாள் வால்வைத் திறந்து, வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடி, அதே சோதனையைத் திரும்பச் செய்தால் குழாய்க் கசிவும் தெரிந்துவிடும்.

இதில் ஆராய்ச்சியின் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. தெளிவான ஒரு கேள்வி இருக்கிறது. சோதிக்கப்படுவதற்கு முன்பே வெளிப்படையாகச் சொல்லப்பட்ட ஓர் ஊகம் இருக்கிறது. இதைக் கருதுகோள் என்பார்கள். கோடு போட்டு அளக்கும் முறை இருக்கிறது. ஒன்றைத் தவிர மற்றவற்றை மாறாமல் வைத்திருக்கும் கவனம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பதில் எதுவாக வந்தாலும் ஏற்றுக்கொள்வதாக முன்கூட்டியே செய்துகொண்ட ஒப்பந்தம் இருக்கிறது. காலையில் கோட்டைப் பார்த்துவிட்டு, "இல்லை, கோடு சரியாகப் போடவில்லை" என்று வாதாடினால் சோதனை செய்ததற்குப் பொருளே இல்லை.

## வார்டில் இருக்கும் பழக்கங்கள்

செவிலியர் பணியில் இப்படிச் சோதிக்க வேண்டியவை ஏராளம். காரணம் எளியது. பல செயல்முறைகள் ஒரு தலைமுறை செவிலியரிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கையிலிருந்து கைக்கு வந்தவை. "எங்கள் காலத்திலிருந்தே இப்படித்தான்" என்பது அவற்றுக்கான ஆதாரமாக இருந்தது. அவற்றில் பல நல்லவையே. சில நல்லவை அல்ல, சோதித்த பிறகே அது தெரிந்தது.

மூக்கு வழியாக இரைப்பைக்குள் உணவு செலுத்தப் போடும் குழாய்க்கு ரைல்ஸ் டியூப் என்று பெயர். அதைப் போட்டபின் இரைப்பைக்குள் இருக்கிறதா என்று பார்க்க, சிரிஞ்சால் காற்றை உள்ளே தள்ளி, வயிற்றின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒலியைக் கேட்பது பல பத்தாண்டுகளாக நடந்துவந்த முறை. தர்க்கப்படி சரியாகவே தோன்றும். அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் நார்மா மெதீனியும் அவரது குழுவும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த ஒலியை வைத்துக் குழாய் எங்கே இருக்கிறது என்று நம்பகமாகச் சொல்ல முடியாது என்று காட்டியது. குழாய் தவறான இடத்தில் இருக்கும்போதும் வயிற்றில் அந்த ஒலி கேட்கக்கூடும். நுரையீரலுக்குள் போன குழாய் வழியாக உணவைச் செலுத்தினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2005-இல் பிரிட்டனின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை இந்த முறையைக் கைவிடச் சொன்னது. குழாயிலிருந்து உறிஞ்சியெடுத்த திரவத்தின் அமிலத்தன்மையைச் சோதிக்க வேண்டும், அமிலம் கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்றது. அந்த இடைவெளியைக் கவனியுங்கள்: ஆய்வு வந்து 15 ஆண்டு கழித்து அந்த எச்சரிக்கை. ஒரு பழக்கம் சோதனையில் தோற்ற பிறகும் எவ்வளவு காலம் உயிரோடிருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, அறுவைக்கு முன் அந்த இடத்து முடியை ரேசரால் மழிப்பது. சுத்தம் செய்கிறோம் என்ற நல்லெண்ணத்தில் செய்யப்பட்டது. ஆனால் ரேசர் தோலில் கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களை உண்டாக்குகிறது; அங்கே கிருமிகள் குடியேறுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டுதல், முடியை அகற்றவே வேண்டாம், மிகத் தேவையானால் கிளிப்பரால் மட்டும் வெட்டுங்கள், மழிக்காதீர்கள் என்கிறது. தொற்றைத் தடுக்கச் செய்த ஒன்றே தொற்றுக்கு வழியாக இருந்திருக்கிறது.

இந்த இரண்டிலும் புது மருந்து எதுவும் இல்லை, பெரிய இயந்திரமும் இல்லை. செவிலியரின் கைகள் தினமும் செய்யும் ஒரு வேலையை நோக்கி "இது உண்மையில் பயன்தருகிறதா?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். ஒரு மாணவர் வார்டுக்குள் முதன்முதலாக நுழையும்போது அவரிடம் இருக்கும் பெரிய வசதி இதுதான்: எந்தப் பழக்கமும் அவருக்கு இன்னும் பழகிப்போகவில்லை. மூத்தவர்கள் கவனிப்பதை நிறுத்திவிட்ட இடங்கள் அவர் கண்ணில் படும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஆராய்ச்சி என்பது தோற்கக்கூடிய ஒரு ஊகத்தை முறையாகச் சோதிப்பது, நர்சிங்கில் அதற்கான கேள்விகள் அன்றாட வேலைக்குள்ளேயே கிடக்கின்றன.

## ஒரே பெயரில் வழங்கும் மூன்று வேலைகள்

பேச்சுவழக்கில் "ஆராய்ச்சி" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு வேலைகள் கலந்துவிடுகின்றன. மாணவர்கள் முதலில் தடுமாறுவதும் இங்கேதான்.

ஏற்கனவே யாருக்கும் விடை தெரியாத கேள்விக்கு, மற்ற இடங்களுக்கும் பொருந்தும்படி விடை தேடுவது ஆராய்ச்சி. ஏற்கனவே கிடைத்திருக்கும் விடைகளைத் தேடி, தரம் பார்த்து, நம் நோயாளிக்குப் பயன்படுத்துவது சான்றுசார் பராமரிப்பு. 1996-இல் டேவிட் சாக்கெட்டும் அவரது சக மருத்துவர்களும் சான்றுசார் மருத்துவத்தை விளக்கியபோது மூன்றைச் சேர்த்துச் சொன்னார்கள்: கிடைக்கும் சிறந்த ஆய்வுச் சான்று, பணிபுரிபவரின் அனுபவத் திறன், நோயாளியின் விருப்பம். இதில் மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூன்றாவது வேலை தர மேம்பாடு: சரியான முறை எது என்பது தெரியும், நம் வார்டில் அது நடக்கிறதா என்று கணக்கெடுத்து, நடக்காத இடத்தைச் சரிசெய்வது. மருத்துவமனைகளில் "ஆடிட்" என்று அழைப்பது இதன் ஒரு பகுதி.

கை சுத்தத்தை எடுத்துக்கொள்வோம். கை கழுவினால் தொற்று குறையுமா என்று ஒரு மாணவர் ஆராய வேண்டியதில்லை. 1847-இல் வியன்னாவின் பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தபோதே பிரசவ வார்டில் இறப்பு வெகுவாகக் குறைந்ததைக் காட்டிவிட்டார். நம் வார்டில், நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களிலும் கை கழுவப்படுகிறதா என்று எண்ணிப் பார்ப்பது தர மேம்பாடு. நேரடி நினைவூட்டலா, படுக்கையருகே கைத்தேய்ப்புத் திரவத்தை வைப்பதா, இரண்டில் எது அதிகம் பலன் தருகிறது, ஏன் என்று பல வார்டுகளை ஒப்பிட்டுக் கண்டறிவது ஆராய்ச்சி.

இளநிலை மாணவருக்கு இந்த மூன்றில் எது பொருத்தம்? என் கருத்து, பெரும்பாலான மாணவர்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதும்தான் கூடுதல் பயன் தரும். குறைந்த காலம், குறைந்த ஆட்கள், குறைந்த அனுபவம் ஆகியவற்றோடு "மற்ற இடங்களுக்கும் பொருந்தும் விடை" கிடைப்பது அரிது. ஆனால் ஒரு கேள்விக்கு இருக்கும் ஆய்வுகளைத் தேடிப் படித்து, எவை நம்பத்தக்கவை என்று பிரித்தறியக் கற்றவர் தன் பணிக்காலம் முழுவதும் அதைப் பயன்படுத்துவார். முதன்மை ஆராய்ச்சி செய்ய விரும்புபவர்கள் ஆசிரியரின் பெரிய ஆய்வொன்றில் ஒரு பகுதியைப் பொறுப்பேற்பது நல்ல வழி.

## கேள்வியைச் செதுக்குவது

மாணவர்கள் கொண்டுவரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒரு தலைப்பாக இருக்கும்: "படுக்கைப்புண்." அல்லது ஒரு விருப்பமாக இருக்கும்: "படுக்கைப்புண் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்துதல்." இரண்டுமே கேள்விகள் அல்ல; இரண்டுக்கும் "இல்லை" என்ற பதில் வர முடியாது.

கேள்வியாக்க நான்கு துண்டுகள் போதும். யாரைப் பற்றி? என்ன செய்யப்போகிறோம்? எதோடு ஒப்பிடுகிறோம்? எந்த விளைவை அளக்கிறோம்? இந்த நான்கையும் வைத்து மேலே உள்ள தலைப்பை மாற்றினால் இப்படி வரும்: தீவிர சிகிச்சைப் பிரிவில் தானாகப் புரண்டு படுக்க இயலாத பெரியவர்களுக்கு, நேர அட்டை வைத்து நிலை மாற்றுவதற்கும் வழக்கமான முறையில் மாற்றுவதற்கும் இடையே, புதிய படுக்கைப்புண் வரும் அளவில் வேறுபாடு உண்டா? இப்போது பதில் "ஆம்" என்றும் வரலாம், "இல்லை" என்றும் வரலாம்.

இந்தக் கேள்வியில் மாறக்கூடிய, அளக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் மாறி என்று பெயர். நாம் மாற்றிப் பார்ப்பது ஒரு மாறி, அதாவது நிலை மாற்றும் முறை. அதனால் மாறுகிறதா என்று நாம் அளப்பது இன்னொரு மாறி, புதிய புண்.

அளக்கும் கருவி விஷயத்தில் ஓர் அறிவுரை. மாணவர்கள் பலர் சொந்தமாக ஒரு கேள்விப்பட்டியலைத் தயாரிப்பதில்தான் அதிகக் காலத்தைச் செலவிடுகிறார்கள். பல விஷயங்களுக்கு ஏற்கனவே சோதிக்கப்பட்ட கருவிகள் உள்ளன. படுக்கைப்புண் ஆபத்தைக் கணிக்க டோரீன் நார்ட்டனும் அவரது குழுவும் 1962-இல் முதியோர் வார்டு ஆய்வொன்றில் உருவாக்கிய அளவுகோல் இருக்கிறது: உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர்-மலக் கட்டுப்பாடு என்ற ஐந்தையும் பார்த்து 5 முதல் 20 வரை மதிப்பெண் தரும். 1987-இல் வெளியான பிரேடன் அளவுகோல் ஆறு அம்சங்களைப் பார்த்து 6 முதல் 23 வரை தருகிறது. இரண்டிலுமே மதிப்பெண் குறைந்தால் ஆபத்து அதிகம். இப்படி ஒன்று இருக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்வது, உங்கள் முடிவை மற்ற ஆய்வுகளோடு ஒப்பிடும் வாய்ப்பை நீங்களே மூடிவிடுவதாகும்.

ஒரு கருவியிடம் எதிர்பார்ப்பது இரண்டு. ஒரே நோயாளியை இரண்டு பேர் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே விடை வர வேண்டும், இது நம்பகத்தன்மை. அளக்க நினைத்ததைத்தான் அது அளக்க வேண்டும், இது ஏற்புடைமை. கை கழுவுவது பற்றிய அறிவுத் தேர்வு வைத்து, அதில் மதிப்பெண் வாங்கியவர் கை கழுவுகிறார் என்று முடிவு கட்டினால் ஏற்புடைமை போய்விட்டது. தெரிந்திருப்பதும் செய்வதும் வேறு. நேரில் நின்று பார்த்தால் மட்டும் சரியாகிவிடுமா என்றால், அதிலும் சிக்கல் உண்டு: யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தாலே மனிதர்கள் வழக்கத்தைவிட ஒழுங்காக நடந்துகொள்வார்கள். நோட்டுப் புத்தகத்தோடு வார்டில் நிற்கும் மாணவர் எண்ணும் எண்ணிக்கை, அவர் போன பிறகு நடப்பதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

## முன்தேர்வு, பாடம், பின்தேர்வு

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். மாணவர் ஆய்வுகளில் அடிக்கடி காணப்படும் வடிவம் இது என்பதும், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இது என்பதும் காரணம்.

வடிவம் இதுதான். ஒரு குழுவை எடுத்துக்கொள்கிறார்கள். முதலாமாண்டு மாணவர்களாக இருக்கலாம், தாய்மார்களாக இருக்கலாம். ஒரு தேர்வு வைக்கிறார்கள். பிறகு அந்தத் தலைப்பில் ஒரு வகுப்பு எடுக்கிறார்கள். சில நாள் கழித்து அதே தேர்வை மீண்டும் வைக்கிறார்கள். மதிப்பெண் கூடியிருக்கிறது. "நாங்கள் எடுத்த வகுப்பு பயனுள்ளது என்று நிரூபணமானது" என்று எழுதிவிடுகிறார்கள்.

அந்த உயர்வுக்கு வகுப்பு காரணமாக இருக்கலாம். வேறு காரணங்களும் இருக்கலாம். முதல் தேர்வில் வந்த கேள்விகளே பங்கேற்றவர்களைத் தேடிப் பார்க்க வைத்திருக்கும். அந்த இடைப்பட்ட நாட்களில் வழக்கமான பாடத்திலேயே அந்தத் தலைப்பு வந்திருக்கலாம். முதல் தேர்வில் மிகக் குறைவாக எடுத்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால், எதுவும் செய்யாமல் விட்டாலும் இரண்டாம் முறை அவர்களின் சராசரி சற்று உயரும். ஏனென்றால் அந்தக் குறைந்த மதிப்பெண்ணில் ஒரு பகுதி அன்றைய துரதிர்ஷ்டம், அது ஒவ்வொரு முறையும் திரும்ப வராது. ஒரே கேள்வித்தாள் இருமுறை வந்தால் நினைவாற்றலும் கைகொடுக்கும்.

இத்தனை காரணங்களில் எது என்று எப்படிப் பிரிப்பது? இங்கேதான் ஒப்பீட்டுக் குழு தேவைப்படுகிறது: இரண்டு தேர்வையும் எழுதும், வகுப்பு மட்டும் கிடைக்காத இன்னொரு குழு. அவர்களின் மதிப்பெண்ணும் அதே அளவு உயர்ந்தால், உங்கள் வகுப்புக்கு அதில் பங்கில்லை. அவர்களைவிட உங்கள் குழு தெளிவாக மேலே போயிருந்தால், அந்தக் கூடுதல் பகுதிக்கு வகுப்பு காரணம் என்று சொல்ல இடமுண்டு. யார் எந்தக் குழுவில் என்பதை நீங்கள் விரும்பியபடி தீர்மானிக்காமல் குலுக்கல் முறையில் ஒதுக்கினால் இன்னும் நல்லது; ஆர்வமுள்ளவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சேர்ந்துவிட மாட்டார்கள். ஒதுக்கீடு செய்ய முடியாத இடங்களும் உண்டு. ஒரே வகுப்பறையில் பாதிப் பேருக்குச் சொன்னதை மறுபாதி அன்று மாலையே தெரிந்துகொள்ளும். அப்போது இரண்டு வேறு வகுப்புகளை ஒப்பிடலாம், ஒப்பீட்டுக் குழுவுக்கு அந்தப் பாடத்தைப் பின்னர் எடுக்கலாம். பாடம் யாருக்கும் இல்லாமல் போகாது, ஒப்பீடும் கிடைத்துவிடும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது, அது இதைவிட ஆழமானது. யாருக்காவது ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்த உடனே அதைப் பற்றிக் கேட்டால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்? இந்த ஆய்வில் "இல்லை" என்ற விடை வர எவ்வளவு வாய்ப்பு இருந்தது? மிகக் குறைவு. அப்படியென்றால் அதில் தெரிந்துகொள்ளவும் மிகக் குறைவே இருந்தது. அதே உழைப்பை வேறு கேள்விக்குத் திருப்பலாம்: மூன்று மாதம் கழித்தும் அந்த அறிவு நிற்கிறதா? வகுப்பில் கேட்டதை, மாதிரி உடல் எனப்படும் பயிற்சிப் பொம்மைமேல் செய்துகாட்ட முடிகிறதா? விரிவுரையைவிட, மாதிரி உடல்மேல் செய்துபார்த்தவர்கள் பிறகு குறைவாகப் பிழை செய்கிறார்களா? இவற்றுக்கு விடை முன்கூட்டியே தெரியாது. நர்சிங் கல்விக்கு உண்மையில் தேவைப்படும் விடைகளும் இவைதான்.

சுருக்கமாக: முன்தேர்வும் பின்தேர்வும் மட்டும் இருந்தால் மாற்றம் நடந்தது என்று தெரியும், ஏன் நடந்தது என்று தெரியாது. அதற்கு ஒப்பீட்டுக் குழு வேண்டும்.

## யாரைக் கேட்டோம் என்பதும் விடையை மாற்றும்

ஆய்வில் பங்கேற்க நாம் தேர்ந்தெடுக்கும் ஆட்களின் குழுவுக்கு மாதிரி என்று பெயர். மாணவர்கள் பெரும்பாலும் எளிதில் கிடைப்பவர்களை எடுத்துக்கொள்கிறார்கள்: தங்கள் கல்லூரி, தங்கள் வகுப்பு, தங்கள் வார்டு. காலமும் பணமும் குறைவாக இருக்கும்போது இதில் குற்றமில்லை. அந்த விடையை எல்லா நர்சிங் மாணவர்களுக்கும் நீட்டும்போதுதான் தவறு நேர்கிறது. ஒரு கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களில் தேர்வு வாரத்தில் அளந்த மன அழுத்தம், அந்தக் கல்லூரியின் அந்த வாரத்தைப் பற்றிச் சொல்லும்.

ஆட்களின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் இன்னொரு சிக்கல். இரண்டு குழுக்களுக்கிடையே தெரியும் வேறுபாடு வெறும் தற்செயலாக இருக்கலாம். உண்மையான வேறுபாடு இருந்தும் கண்ணில் படாமலும் போகலாம். எத்தனை பேர் வேண்டும் என்பதை ஆய்வு தொடங்கும் முன் ஒரு புள்ளியியல் ஆசிரியரிடம் கேட்டுவிட வேண்டும். தரவைச் சேர்த்த பிறகு கேட்டால் அவரால் செய்யக்கூடியது அதிகமில்லை.

## சேர்ந்து வருவதெல்லாம் காரணமாகிவிடாது

எல்லா ஆய்விலும் நாம் எதையாவது செய்து பார்க்க முடியாது. நடப்பதை அப்படியே கவனித்துப் பதிவு செய்யும் ஆய்வுகள் உண்டு. நர்சிங்கில் உலகம் முழுவதும் பேசப்பட்ட ஒன்று, லிண்டா ஐக்கனும் அவரது குழுவும் 2003-இல் வெளியிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளின் அறுவை நோயாளிகளின் தரவைப் பார்த்தார்கள். பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10 சதவீதப் புள்ளி அதிகமாக இருந்த இடங்களில், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் சாத்தியம் 5 சதவீதம் குறைவாக இருந்தது.

பட்டப்படிப்புதான் உயிர்களைக் காத்தது என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் பட்டதாரிகளை அதிகம் அமர்த்தும் மருத்துவமனை பெரியதாக, கருவிகள் நிறைந்ததாக, போதிய ஆட்கள் உள்ளதாகவும் இருக்கலாம். இப்படிப் பின்னணியில் இருந்துகொண்டு இரண்டையும் ஒருசேர மாற்றும் ஒன்றைக் குழப்பும் காரணி என்பார்கள். ஐக்கன் குழுவினர் மருத்துவமனையின் அளவு, கற்பிக்கும் மருத்துவமனையா என்பது, ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகும் தொடர்பு நின்றது. அதனால்தான் அது வலுவான ஆய்வு. அப்போதும் அது "தொடர்பு உண்டு" என்றே சொல்கிறது. ஒரு வார்டின் நாற்பது பேரிடம் கேள்விப்பட்டியல் கொடுத்து, "தூக்கக் குறைவே பிழைகளுக்குக் காரணம்" என்று எழுதும் மாணவர், அத்தனை பெரிய தரவு வைத்திருந்தவர்கள் காட்டிய நிதானத்தைப் பார்க்க வேண்டும்.

## எண்கள் சொல்லாதவை

எல்லாக் கேள்விக்கும் எண் விடை தராது. முதன்முறையாகத் தன் நோயாளியின் மரணத்தைப் பார்த்த மாணவர் அந்த இரவை எப்படிக் கடந்தார்? மருந்துப் பிழை நடந்ததை மூத்தவரிடம் சொல்லாமல் இருக்க வைப்பது எது? இவற்றுக்கு உட்கார்ந்து கேட்க வேண்டும். சிலரிடம் நீண்ட நேர்காணல் நடத்தி, அவர்கள் சொன்னதை எழுத்தாக்கி, திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைக் கண்டெடுப்பது பண்புசார் ஆய்வு. எளிய வழி என்று நினைத்து இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் விரைவில் திகைத்துப்போவார்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஒரு முழுநாள் ஆகலாம். பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து "பெரும்பாலான மாணவர்கள்" என்று எழுதுவது இங்கே தவறு. எத்தனை பேர் என்பதைச் சொல்வது இதன் வேலை அல்ல, எப்படி, ஏன் என்பதைச் சொல்வதே வேலை.

## ஒப்புதல் என்பது கையெழுத்து மட்டுமா?

ஆய்வைத் தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பங்கேற்பவருக்கு வரக்கூடிய தீங்கை, ஆய்வில் சம்பந்தமில்லாதவர்கள் பரிசீலிக்கும் குழு அது. மாணவர்கள் பலருக்கு இது தாமதம் செய்யும் ஒரு படிவம் போலத் தெரிகிறது. ஏன் வந்தது என்று தெரிந்தால் அப்படித் தோன்றாது.

1932 முதல் 1972 வரை அமெரிக்காவின் டஸ்கீகியில், அரசின் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்தது. நோயின் பெயரை அவர்களுக்குச் சொல்லவில்லை. 1940-களில் பென்சிலின் அந்நோய்க்கான சிகிச்சையாக நிலைபெற்ற பிறகும் கொடுக்கவில்லை. சிகிச்சை இல்லாமல் நோய் எப்படி வளர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர்களைச் சந்தித்து, வண்டியில் அழைத்துவந்து, அவர்களின் நம்பிக்கையைப் பெற்று ஆய்வில் நிலைக்கச் செய்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற செவிலியர். நர்சிங் மாணவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நோயாளிகள் செவிலியர் மேல் வைக்கும் நம்பிக்கையே அங்கே ஆய்வின் கருவியானது. இது வெளியே தெரிந்த பிறகு எழுந்த விசாரணைகளின் தொடர்ச்சியாக 1979-இல் வந்த பெல்மான்ட் அறிக்கை மூன்று நெறிகளை வகுத்தது: மனிதரை மதித்தல், நன்மை நாடுதல், நீதி.

தகவலறிந்த ஒப்புதல் என்றால் பங்கேற்பவருக்கு ஆய்வு என்ன, எதற்கு, என்ன தீங்கு வரலாம் என்பது புரியும் மொழியில் தெரிந்திருக்க வேண்டும். மறுக்கும் உரிமை உண்மையிலேயே இருக்க வேண்டும். அந்த "உண்மையிலேயே" என்ற இடத்தில் மாணவர்கள் இடறுகிறார்கள். சீருடையோடு, மருந்துத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு கேள்விப்பட்டியல் நிரப்புகிறீர்களா?" என்று கேட்டால் படுக்கையில் இருப்பவர் மறுக்க முடியுமா? மறுத்தால் பராமரிப்பு குறைந்துவிடுமோ என்று அவர் பயப்படலாம். அதனால் உங்கள் பொறுப்பில் இல்லாத நோயாளிகளை அணுகுங்கள், அல்லது வேறொருவரைக் கேட்கச் சொல்லுங்கள். இளையோர் வகுப்பில் தரவு சேகரிக்கும்போதும் இதே கவனம் தேவை. அவர்களின் ஆசிரியர் பின்னால் நின்றுகொண்டிருந்தால் அங்கே விருப்பம் என்று எதுவும் இருக்காது.

## "வேறுபாடு இல்லை" என்று வந்தால்

பல மாணவர்கள் இந்த இடத்தில் மனமுடைந்து போகிறார்கள். உழைத்து முடித்த ஆய்வில் இரண்டு முறைகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆய்வு தோற்றுவிட்டதாக நினைத்து, எதையாவது பிரித்துப் பிரித்துக் கணக்கிட்டு ஒரு வேறுபாட்டைத் தோண்டியெடுக்க முயல்கிறார்கள். வயதுவாரியாக, பால்வாரியாக, ஷிப்ட்வாரியாகப் பிரித்துக்கொண்டே போனால் எங்காவது ஒன்று தற்செயலாகக் கிடைத்துவிடும். அதை முடிவு என்று எழுதுவது நேர்மையற்றது.

வேறுபாடு இல்லை என்பதும் வேலைக்கு உதவும் விடைதான். பெரியவர்களின் கைநரம்பில் மருந்து செலுத்தப் போட்ட மெல்லிய குழாயான கான்யுலா அடைக்காமல் இருக்க, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் கலந்த திரவத்தைச் செலுத்துவது ஒருகாலத்தில் வழக்கம். 1991-இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வெறும் சலைனும், அதாவது உப்புநீரும், அதே அளவு வேலை செய்வது தெரிந்தது. அதாவது வேறுபாடு இல்லை. அந்த "இல்லை"யால் ரத்தக்கசிவு ஆபத்துள்ள ஒரு மருந்து தேவையற்ற இடத்தில் குறைந்தது, செலவும் குறைந்தது.

## அறிக்கையின் கடைசிப் பகுதி

எல்லா ஆய்வறிக்கையிலும் வரம்புகள் என்று ஒரு பகுதி இருக்கும். மாணவர்கள் அதில் "காலம் குறைவாக இருந்தது" என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆய்வைப் படிப்பவர் முதலில் தேட வேண்டிய பகுதி அது. எழுதுபவர் மிகுந்த கவனத்தோடு எழுத வேண்டியதும் அதுவே. யாரைக் கேட்கவில்லை, எதை அளக்க முடியவில்லை, ஒப்பீட்டுக் குழு இருந்ததா, தொடக்கத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நடுவில் விலகினார்கள், அவர்கள் விலகியது முடிவை எந்தப் பக்கம் சாய்த்திருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக: "கை கழுவுதலை நாங்கள் நேரில் நின்று எண்ணினோம், கவனிக்கப்படுவது பணியாளர்களுக்குத் தெரியும். ஆகவே உண்மையான அளவு எங்கள் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருக்கக்கூடும். இரவு ஷிப்டில் நாங்கள் எண்ணவில்லை." இப்படி எழுதியதைப் படிக்கும் அடுத்த ஆண்டு மாணவருக்குத் தன் ஆய்வை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்: இரவு ஷிப்டில்.